அச்சுப் படத்தின் அளவும் தெளிவுத்திறனும்: ஒரு வரலாறு

ஒரு படம் தாளில் எவ்வளவு பெரிதாக அச்சாகலாம் என்பதை அதன் தெளிவுத்திறன் தீர்மானிக்கிறது. கணினிக் கோப்பாக இருக்கும் படம் பிக்சல்கள் எனப்படும் படப்புள்ளிகளின் அடுக்கு. அந்த அடுக்குக்கு நீளமோ அகலமோ அங்குலத்தில் கிடையாது. எண்ணிக்கை மட்டுமே உண்டு. தாளில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை படப்புள்ளிகளை வைப்பது என்று முடிவு செய்யும்போதுதான் படத்துக்கு அளவு பிறக்கிறது.

நல்ல அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும் என்ற விதியை அச்சகங்களிலும் புகைப்பட நிலையங்களிலும் கேட்கலாம். கணினி தந்த எண் போலத் தோன்றினாலும் அதன் வேர் 19ஆம் நூற்றாண்டின் கண்ணாடித் திரைகளிலும், தாளின் தன்மையிலும், மனிதக் கண்ணின் எல்லையிலும் இருக்கிறது. இந்த வரலாற்றை அறிந்தால் 300 எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்பது விளங்கும்.

அடிப்படைக் கணக்கு

கணக்கு எளிய வகுத்தல். படத்தின் ஒரு பக்கத்தில் உள்ள படப்புள்ளிகளின் எண்ணிக்கையை, அங்குலத்துக்கு வைக்கும் புள்ளிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் அச்சு அளவு அங்குலத்தில் கிடைக்கும். 3000 × 2400 படப்புள்ளிகள் கொண்ட படம் அங்குலத்துக்கு 300 வீதம் 10 × 8 அங்குலமாக அச்சாகும். 150 வீதம் 20 × 16 அங்குலம். 100 வீதம் 30 × 24 அங்குலம். மூன்றிலும் படம் ஒன்றே, தகவலும் ஒன்றே. அதே தகவல் பெரிய பரப்பில் பரவும்போது ஒவ்வொரு புள்ளியும் பெரிதாகிறது. புள்ளி கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வளர்ந்ததும் படம் மங்கலாகவோ கட்டம் கட்டமாகவோ தெரிகிறது.

தரம் குறையாமல் அகலத்தை இரு மடங்காக்க வேண்டுமானால் உயரமும் கூடவே இரு மடங்காகும். ஆகவே படப்புள்ளிகள் நான்கு மடங்கு வேண்டும். 6 × 4 அங்குலப் படத்துக்கு 1800 × 1200, அதாவது சுமார் 21.6 லட்சம் படப்புள்ளிகள் போதும். ஏ4 தாளை நிரப்ப 2480 × 3508, அதாவது சுமார் 87 லட்சம் வேண்டும்.

படக் கோப்புகளில் 72 அல்லது 300 என்று ஓர் எண் பதிந்திருப்பதுண்டு. அது, படத்தை எந்த அளவில் வைக்கலாம் என்று அச்சு மென்பொருளுக்குத் தரும் குறிப்பு மட்டுமே. 72ஐ 300 என்று மாற்றி எழுதினால் படத்தில் ஒரு புள்ளிகூடக் கூடுவதில்லை. அச்சு அளவு சுருங்கும், அவ்வளவுதான்.

புகைப்படம் அச்சில் ஏறாத காலம்

புகைப்படக் கலை 1839இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. ஆனால் அடுத்த அரை நூற்றாண்டுக்கு நாளிதழ்களில் புகைப்படத்தைக் காண்பது அரிது. அச்சு இயந்திரத்துக்கு இரண்டே நிலைகள்தான் தெரியும்: மை படும், அல்லது படாது. புகைப்படத்திலோ கருப்புக்கும் வெள்ளைக்கும் இடையே எண்ணற்ற சாம்பல் படிகள் உள்ளன. கருப்பு மை ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு சாம்பல் நிறத்தை எப்படி அச்சடிப்பது என்பதே பெரிய சிக்கலாக இருந்தது.

அதுவரை இந்த வேலையை மரச்செதுக்குக் கலைஞர்கள் செய்தனர். 1842இல் தொடங்கிய லண்டனின் ‘இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்’ போன்ற வார இதழ்கள் இவர்களை நம்பியே நடந்தன. புகைப்படத்தைப் பார்த்து அதை மெல்லிய கோடுகளாக மரக்கட்டையில் செதுக்குவார்கள். கோடுகள் நெருங்கிய இடம் கருமையாகவும் விலகிய இடம் வெளிறியும் தெரியும். இதற்கேற்ற பாக்ஸ்வுட் மரத்தின் தண்டு சிறியது என்பதால், பெரிய படத்துக்குப் பல துண்டுகளைத் திருகாணியால் இணைத்தனர். துண்டுகளைப் பிரித்து ஆளுக்கு ஒன்றாகச் செதுக்கிப் பின் மறுபடி சேர்ப்பதும் உண்டு. வாசகர் கண்டது புகைப்படத்தை அல்ல. செதுக்கியவரின் கை வழியே வந்த விளக்கத்தை.

கண்ணாடித் திரையின் பிறப்பு

சாம்பல் நிறத்தை அச்சடிக்கும் வழியின் முதல் குறிப்பு, புகைப்படக் கலையின் முன்னோடிகளுள் ஒருவரான இங்கிலாந்தின் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட்டிடம் கிடைக்கிறது. 1852இல் பெற்ற காப்புரிமையில், படத்துக்கும் தகட்டுக்கும் இடையே மெல்லிய வலைத்துணியை வைத்து ஒளியைச் சிறு துண்டுகளாகப் பிரிக்கலாம் என்றார். தொடர்ந்த சாம்பலைச் சிறு புள்ளிகளாக உடைத்து, புள்ளியின் பருமனால் கருமையைக் காட்டலாம் என்ற கருத்து அதில் இருந்தது. இதுவே பின்னர் ஹாஃப்டோன் என்று பெயர் பெற்றது.

1880 மார்ச் 4 அன்று நியூயார்க்கின் ‘டெய்லி கிராஃபிக்’ நாளிதழ், குடிசைப் பகுதி ஒன்றின் புகைப்படத்தை இம்முறையில் வெளியிட்டது. அதைச் செய்தவர் ஸ்டீபன் ஹோர்கன். ஜெர்மனியின் கேயார்க் மைசன்பாக் 1882இல் தம் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அமெரிக்காவின் ஃப்ரெடரிக் ஐவ்ஸ் 1880களில் இத்தொழில்நுட்பத்தைப் பல படிகள் முன்னேற்றினார். 1890களில் ஃபிலடெல்ஃபியாவின் லூயி லெவி, மாக்ஸ் லெவி சகோதரர்கள் துல்லியமான கண்ணாடித் திரைகளைச் செய்து விற்கத் தொடங்கிய பிறகே ஹாஃப்டோன் அன்றாடத் தொழிலானது. இரண்டு கண்ணாடித் தகடுகளில் சம இடைவெளியில் நேர்கோடுகளைப் பொறித்து, பள்ளங்களில் கருமையை நிரப்பி, ஒன்றின் கோடுகள் மற்றொன்றின் கோடுகளுக்குச் செங்குத்தாக இருக்கும்படி ஒட்டினர். அப்போது சதுரச் சாளரங்கள் நிறைந்த வலை கிடைத்தது.

பிளாக் தயாரிப்பவர் இந்தத் திரையைக் கேமராவுக்குள், ஒளி படும் தகட்டுக்குச் சற்று முன்னே பொருத்துவார். ஒவ்வொரு சாளரத்தின் வழியாகவும் வரும் ஒளியின் வலிமைக்கு ஏற்பச் சிறிதும் பெரிதுமாகப் புள்ளிகள் பதியும். அமிலத்தில் அரித்தெடுத்த உலோகத் தகடு ‘பிளாக்’ ஆகும். அச்சானபின் தள்ளி நின்று பார்த்தால் புள்ளிகள் கலந்து சாம்பலாகத் தெரியும். உருப்பெருக்கியில் பார்த்தால் கருப்பும் வெள்ளையும் மட்டுமே இருக்கும். 1897இல் ஹோர்கனே ‘நியூயார்க் ட்ரிப்யூன்’ இதழின் வேகமான சுழல் அச்சு இயந்திரத்தில் ஹாஃப்டோன் படங்களை ஓடவைத்துக் காட்டினார். மரச்செதுக்கர்களின் தொழில் அதன்பின் வேகமாகத் தேய்ந்தது.

தாள் தீர்மானித்த எண்

திரையில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை கோடுகள் என்பதே அச்சுத் தெளிவின் அளவுகோலானது. இன்றும் அது எல்பிஐ, அதாவது அங்குலத்துக்கு இத்தனை கோடுகள் என்று குறிக்கப்படுகிறது. கோடுகள் அதிகமானால் புள்ளிகள் நுண்மையாகும்; படம் நுட்பமாகும். அப்படியானால் எல்லோரும் மிக நுண்ணிய திரையையே ஏன் பயன்படுத்தவில்லை?

காரணம் தாள். நாளிதழ்த் தாள் சொரசொரப்பானது, மையை உறிஞ்சும். உறிஞ்சிய மை பக்கவாட்டில் பரவுவதால் ஒவ்வொரு புள்ளியும் தகட்டில் இருந்ததைவிடப் பெரிதாகிறது. நுண்ணிய திரையில் புள்ளிகள் நெருங்கி இருப்பதால் பரவிய மை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்; நிழல் பகுதிகள் அடைபட்டுக் கருந்திட்டாகும். ஆகவே நாளிதழ்கள் 65 முதல் 85 கோடு வரையிலான திரைகளோடு நின்றன. பூச்சுள்ள வழவழப்பான தாளில் மை மேற்பரப்பிலேயே நிற்கும். அத்தகைய தாளில் அச்சான வார, மாத இதழ்கள் 133, 150 கோடுகள் வரை சென்றன. கலைநூல்கள் 175ஐயும் தாண்டின.

அந்தக் காலத்தில் படத்தின் அச்சு அளவு கேமரா முன்னாலேயே முடிவாகிவிடும். மூலப் புகைப்படம் பெரிதோ சிறிதோ, பத்தியின் அகலத்துக்கு ஏற்பப் பெருக்கியோ சுருக்கியோ திரை வழியே படமெடுப்பார்கள். திரையின் நெருக்கம் மாறாது. பிளாக் செய்து முடித்த பிறகு அளவை மாற்ற வேறு பிளாக்தான் செய்ய வேண்டும். மூலப் படம் தொலைந்து, அச்சான படம் மட்டும் கையில் இருந்தால் சிக்கல். அதைப் பெருக்கினால் விவரம் கூடாது, புள்ளிகளே பெருக்கும். திரை வைத்து மீண்டும் படமெடுத்தால் பழைய புள்ளிகளும் புதிய புள்ளிகளும் மோதி அலை அலையான கோலம் எழும். மொய்ரே எனப்படும் இக்கோலம், பழைய நாளிதழ்ப் படங்களை ஸ்கேன் செய்வோரை இன்றும் தொல்லைப்படுத்துகிறது.

கல்கத்தாவிலிருந்து ஒரு பங்களிப்பு

ஹாஃப்டோன் பற்றிய அறிவியலில் இந்தியாவுக்கும் இடம் உண்டு. சிறுவர் இலக்கிய எழுத்தாளரும் ஓவியருமான உபேந்திரகிஷோர் ராய், திரைப்பட இயக்குநர் சத்யஜித் ராயின் பாட்டனார். தம் ஓவியங்கள் மரச்செதுக்கில் சிதைந்து அச்சாவதை விரும்பாத அவர், 1895இல் பிரிட்டனிலிருந்து கருவிகளை வரவழைத்துக் கல்கத்தாவில் பிளாக் தயாரிப்பில் இறங்கினார்.

அவர் கருவியை இயக்குவதோடு நிற்கவில்லை. திரைக்கும் தகட்டுக்கும் இடையே எவ்வளவு தொலைவு வேண்டும், கேமராவின் ஒளித்துளை எந்த வடிவில் இருக்க வேண்டும், புள்ளி எவ்வாறு உருவாகிறது என்பவற்றைக் கணித முறையில் ஆராய்ந்தார். 1897 தொடங்கி லண்டனின் ‘பென்ரோஸ்’ ஆண்டு மலரில் பல கட்டுரைகள் எழுதினார். கைப்பழக்கத்தால் செய்து வந்த வேலைக்கு அளவிடத்தக்க விதிகளைத் தேடியவை அக்கட்டுரைகள். 1913இல் அவர் தொடங்கிய ‘சந்தேஷ்’ சிறுவர் இதழின் படங்கள் அவருடைய அச்சகத்திலேயே உருவாயின. தெளிவான அச்சுப் படம் வங்காளக் குழந்தைகளுக்கும் கிட்ட வேண்டும் என்ற விருப்பம் அவரைத் திரையின் கணிதத்துக்குள் கொண்டுசென்றது.

கண்ணின் எல்லை

புள்ளிகளால் ஆன படம் தொடர்ந்த படமாகத் தெரிவதற்குக் காரணம் நம் கண்ணின் வரம்பு. இயல்பான பார்வை உள்ள கண், ஒரு பாகையில் 60இல் ஒரு பங்குக் கோணம் வரை இரண்டு புள்ளிகளைப் பிரித்தறியும் என்பது பொதுவான கணக்கு. படிக்கும் தொலைவாகிய 25 சென்டிமீட்டரில் இந்தக் கோணம் சுமார் 0.07 மில்லிமீட்டர். ஓர் அங்குலத்தில் அத்தகைய இடைவெளிகள் ஏறத்தாழ 350 அடங்கும். கையில் பிடித்துப் பார்க்கும் படத்துக்கு 300க்கு மேல் போவதால் பெரும் பயன் இல்லை என்பதற்கு இதுவே உடலியல் காரணம்.

தொலைவு கூடினால் தேவை அதே விகிதத்தில் குறையும். 3 அடி தள்ளிச் சுவரில் பார்க்கும் படத்துக்கு அங்குலத்துக்குச் சுமார் 95 புள்ளி போதும். 20 அடி தொலைவில் சுமார் 14 போதும். ஆகவே எத்தனை புள்ளி என்று கேட்குமுன் எவ்வளவு தூரத்திலிருந்து பார்ப்பார்கள் என்று கேட்க வேண்டும்.

தமிழ்நாட்டில் கையால் வரைந்த சினிமா, அரசியல் பேனர்களின் இடத்தை ஃபிளெக்ஸ் பேனர்கள் பிடித்தபோது இந்தக் கணக்கு தெருவுக்கே வந்தது. 20 அடி அகலம், 10 அடி உயரமுள்ள பேனரை அங்குலத்துக்கு 300 வீதம் அமைத்தால் 72,000 × 36,000, அதாவது 259 கோடிப் படப்புள்ளிகள் வேண்டும். அங்குலத்துக்கு 15 என்றால் 3600 × 1800 போதும். சாதாரணக் கைப்பேசிப் படத்திலேயே அது கிடைத்துவிடும். பேனரின் அருகில் போய்ப் பார்த்தால் முகம் கட்டங்களாகச் சிதறித் தெரியும். சாலைக்கு எதிர்ப்புறத்தில் நிற்பவருக்கு அது முகமாகவே தெரியும்.

படம் எண்ணாக மாறியது

படத்தைப் புள்ளிகளாகப் பிரிக்கும் பழக்கம் ஹாஃப்டோனில் இருந்தே வந்துவிட்டதால், அப்புள்ளிகளைக் குறியீடுகளாக அனுப்பலாம் என்ற எண்ணமும் தோன்றியது. 1920களின் தொடக்கத்தில் பார்ட்லேன் என்ற முறையில் லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே கடலடித் தந்திவடம் வழியே செய்திப் படங்கள் சென்றன. கப்பலில் ஒரு வாரத்துக்கு மேல் பிடித்த பயணம் மூன்று மணி நேரத்துக்குள் சுருங்கியது. தொடக்கத்தில் 5 சாம்பல் படிகளே இருந்தன. 1929இல் அவை 15 ஆயின.

கணினியில் ஏறிய முதல் ஸ்கேன் படம் 1957இல் உருவானது. அமெரிக்கத் தேசியத் தர நிர்ணய அமைப்பில் பணியாற்றிய ரஸ்ஸல் கிர்ஷ், கைக்குழந்தையாக இருந்த தம் மகனின் 5 சென்டிமீட்டர் சதுரப் புகைப்படத்தை 176 × 176 புள்ளிகளாக மாற்றினார். மொத்தம் 30,976 புள்ளிகள். இன்றைய 300 கணக்கில் அதை அச்சடித்தால் பக்கம் ஒன்றரை சென்டிமீட்டர்தான் வரும். அன்றைய கணினி நினைவகம் தாங்கியது அவ்வளவே.

1965 ஜூலையில் மாரினர் 4 விண்கலம் செவ்வாய்க் கோளின் அண்மைப் படங்களை முதன்முதலாக அனுப்பியது. ஒவ்வொன்றும் 200 × 200 புள்ளிகள். ஒரு படம் பூமிக்கு வந்துசேரச் சுமார் 8 மணி நேரம் ஆனது. கணினி படமாக்கித் தரும்வரை பொறுக்க முடியாத பொறியாளர்கள், வந்த எண்களைத் தாள் பட்டைகளில் அச்சடித்துப் பலகையில் வரிசையாக ஒட்டினர். எந்த எண்ணுக்கு எந்த வண்ணம் என்று முடிவு செய்து வண்ணக் குச்சிகளால் கையாலேயே நிரப்பினர். 300 கணக்கில் 1.7 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும் படம், ஒவ்வொரு புள்ளியும் ஓர் எண்ணின் இடத்தை எடுத்துக்கொண்டதால் சுவரில் மாட்டும் அளவுக்குப் பெரிதாயிற்று. அதே 1965இல்தான் ‘பிக்சல்’ என்ற சொல்லை அந்தத் திட்டத்தை நடத்திய ஜெட் உந்துவிசை ஆய்வகத்தின் ஃப்ரெட் பில்லிங்ஸ்லி தம் கட்டுரைகளில் பயன்படுத்தினார்.

72, 300, 2540

இன்று குழப்பம் தரும் எண்கள் பெரும்பாலும் 1980களில் அறிமுகமானவை. 1984இல் வந்த ஆப்பிள் மெக்கின்டாஷ் கணினியின் திரை அங்குலத்துக்கு 72 புள்ளி கொண்டது. அச்சுக்கோப்பில் எழுத்தின் உயரத்தை அளக்கும் ‘பாயின்ட்’ ஓர் அங்குலத்தில் ஏறத்தாழ 72இல் ஒரு பங்கு. திரையில் 12 பாயின்ட் எழுத்து தாளிலும் அதே அளவில் தெரிவதற்கு இப்பொருத்தம் உதவியது. பின்னர் வந்த திரைகள் 72ஐ விட்டு வெகுதூரம் சென்றுவிட்டன. கோப்புகளில் அந்த எண் மட்டும் ஒட்டிக்கொண்டது.

1985இல் ஆப்பிளின் லேசர்ரைட்டர் அச்சுப்பொறி அங்குலத்துக்கு 300 புள்ளிகளோடு வந்தது. இதுவும் படக் கோப்பின் 300ம் வெவ்வேறு. அச்சுப்பொறியின் புள்ளி கருப்பு அல்லது வெள்ளை மட்டுமே. சாம்பலைக் காட்ட அது பல புள்ளிகளைச் சேர்த்து ஒரு ஹாஃப்டோன் புள்ளியைக் கட்ட வேண்டும். 60 கோட்டுத் திரை வேண்டுமானால் 300ஐ 60ஆல் வகுக்க 5 கிடைக்கும். 5 × 5 அறையில் 25 புள்ளிகள். வெறுமையையும் சேர்த்து 26 சாம்பல் படிகளே சாத்தியம். அதனால்தான் அக்கால லேசர் அச்சில் எழுத்து அழகாகவும் புகைப்படம் முரடாகவும் வந்தது.

அச்சகத்துக்கு ஃபிலிம் தயாரித்த லைனோட்ரானிக் போன்ற இயந்திரங்கள் 1270, 2540 புள்ளிகள் வரை சென்றன. 2540ஐ 150 கோட்டால் வகுத்தால் சுமார் 17. 17 × 17 அறையில் 280க்கு மேற்பட்ட படிகள் கிடைக்கும். இதழ்த் தரத்துக்கு அது போதுமானது.

இனி 300 விதியின் பிறப்பு. வழவழப்பான இதழ்த் தாளுக்குப் பழக்கமான திரை 150 கோடு. விளிம்புகள் பிசிறின்றி வர, ஒவ்வொரு ஹாஃப்டோன் புள்ளிக்கும் நீளவாக்கில் இரண்டு, அகலவாக்கில் இரண்டு படப்புள்ளிகள் வேண்டும் என்று அச்சுத் தயாரிப்பாளர்கள் கணக்கு வைத்தனர். 150இன் இரு மடங்கு 300. ஒன்றரை மடங்காகிய 225இலும் பெரும்பாலான படங்கள் நன்றாகவே வரும். 85 கோட்டு நாளிதழுக்கு 170 போதும். 300 என்பது பூச்சுத் தாளுக்கான விதி. எல்லாத் தாளுக்கும் எல்லாத் தொலைவுக்கும் ஆனது அல்ல.

நாளிதழ் ஏன் முந்தியது

டிஜிட்டல் கேமராக்கள் வந்த வரிசையை இந்தக் கணக்கு விளக்குகிறது. 1975இல் கோடாக்கின் ஸ்டீவன் சாஸ்சன் உருவாக்கிய முதல் மாதிரி 100 × 100 புள்ளிகளே பதிந்தது. 1991இல் அதே நிறுவனம் செய்தியாளர்களுக்காக விற்ற டிசிஎஸ் கேமரா 1280 × 1024 கொண்டது. இதழ்த் தாளில் 300 வீதம் அப்படம் 4.3 × 3.4 அங்குலம், பக்கத்தின் ஒரு மூலை. நாளிதழில் 170 வீதம் 7.5 × 6 அங்குலம். நான்கைந்து பத்திகளை நிரப்பும்.

1999இல் வந்த நிக்கான் டி1 கேமராவின் 2000 × 1312 படம் நாளிதழில் 11.8 × 7.7 அங்குலம் வரை சென்றது. முதல் பக்கத்தின் முக்கியப் படத்துக்கு அது தாராளம். வழவழப்பான இதழ் கேட்ட முழுப்பக்கத்துக்கோ அது போதவில்லை. ஃபிலிமைக் கழுவி உலர்த்தும் நேரத்தை மிச்சப்படுத்துவது நாளிதழுக்கு உயிர்நாடி. அதன் சொரசொரப்பான தாளோ குறைந்த புள்ளிகளை மன்னித்தது. ஒரு நூற்றாண்டாக நாளிதழ்ப் படத்தின் குறையாகக் கருதப்பட்ட முரட்டுத் திரையே புதிய தொழில்நுட்பத்துக்கு முதலில் கதவு திறந்தது.

பாதுகாப்பதில் உள்ள பொறுப்பு

ஒரு முறை குறைந்த தெளிவில் பதிந்ததை, மூலம் அழிந்தபின் மீட்க முடியாது. இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்காவின் பல நூலகங்கள் பழைய நாளிதழ்களைக் கருப்பு வெள்ளை மைக்ரோஃபிலிமாகப் படமெடுத்தபின் மூலத் தொகுதிகளைக் கழித்துவிட்டன. எழுத்து படிக்கக் கிடைத்தது. வண்ண ஓவியங்களும் படங்களின் சாம்பல் படிகளும் போயின. இதைக் கண்டித்து எழுத்தாளர் நிக்கல்சன் பேக்கர் 2001இல் ‘டபுள் ஃபோல்ட்’ என்ற நூலை வெளியிட்டார்.

வீடுகளிலும் இதே இழப்பு நேரலாம். இறந்துபோன பாட்டியின் படமாக மிஞ்சியிருப்பது 3.5 × 4.5 சென்டிமீட்டர் பாஸ்போர்ட் அளவுப் படம் ஒன்றே என்று கொள்வோம். நல்ல அச்சுக்கு 300 என்று கேள்விப்பட்டு அதை 300இல் ஸ்கேன் செய்தால் 413 × 531 புள்ளிகளே கிடைக்கும். அதே சிறிய அளவில் அச்சடிக்க அது சரி. சுவரில் மாட்ட 8 அங்குல அகலத்துக்குப் பெருக்கினால் அங்குலத்துக்கு 52 புள்ளிதான், முகம் கலங்கும். 600இல் ஸ்கேன் செய்தால் அகலத்தில் 827 புள்ளிகள். 8 அங்குலத்தில் அங்குலத்துக்கு 103. மூன்றடி தள்ளி நிற்பவரின் கண்ணுக்கு வேண்டியது 95 என்பதால் படம் தெளிவாக இருக்கும். ஸ்கேன் செய்யும்போது மூலத்தின் அளவை மட்டுமன்றி, ஒரு நாள் அது எவ்வளவு பெரிதாகத் தேவைப்படும் என்பதையும் நினைக்க வேண்டும். 35 மில்லிமீட்டர் ஃபிலிமுக்கு இது இன்னும் பொருந்தும். அதன் அகலம் 1.4 அங்குலமே, 4000 வீதம் ஸ்கேன் செய்தால்தான் ஏறத்தாழ 19 அங்குல அகலப் படம் 300 தரத்தில் வரும்.

இதற்கும் எல்லை உண்டு. 65 கோட்டுத் திரையில் அச்சான நாளிதழ்ப் படத்தை 1200இல் ஸ்கேன் செய்தாலும் புதிய விவரம் கிடைக்காது. மைப்புள்ளிகளின் விளிம்புகளே துல்லியமாகப் பதியும். மூலத்தில் இல்லாததை ஸ்கேனர் தர இயலாது.

2000களின் தொடக்கத்துக் கைப்பேசிக் கேமராக்கள் பலவும் 640 × 480 புள்ளிகளே பதிந்தன. அக்காலத் திருமணங்களும் குழந்தைகளும் சில குடும்பங்களில் அந்த அளவில் மட்டுமே எஞ்சியுள்ளன. 300 வீதம் அவை 2.1 × 1.6 அங்குலம், பாஸ்போர்ட் படத்தைவிடச் சற்றுப் பெரியவை. 1950களில் எடுத்த ஃபிலிம் நெகட்டிவிலிருந்து சுவரளவுக்குப் பெருக்கலாம். அரை நூற்றாண்டு கழித்து எடுத்த கைப்பேசிப் படத்தைப் பெருக்க முடியாது. இன்றும் செய்திச் செயலிகள் வழியே அனுப்பும் படம் பெரும்பாலும் சுருங்கியே சேர்கிறது. கேமராவில் உள்ள மூலத்தை அழித்துவிட்டுச் சுருங்கிய பிரதியை வைத்திருப்பவர், நெகட்டிவை எறிந்துவிட்டு நாளிதழ்ப் படத்தை வைத்திருப்பவரைப் போன்றவர்.

இட்டு நிரப்பும் முறைகள்

சிறிய படத்தைப் பெரிதாக்கும் மென்பொருள்கள் அருகருகே உள்ள புள்ளிகளின் சராசரியைக் கொண்டு இடையில் புதிய புள்ளிகளை நிரப்புகின்றன. கட்டங்கள் மறையும், விவரம் கூடாது. செயற்கை நுண்ணறிவு முறைகள் இன்னும் ஒரு படி மேலே போய், ஏராளமான வேறு படங்களில் கற்றதை வைத்து இங்கே இமை முடி இருக்கக்கூடும், இங்கே தோலின் சுருக்கம் இருக்கக்கூடும் என்று வரைகின்றன. படம் கூர்மையாகத் தெரியும். ஆனால் அந்தக் கூர்மை அம்மனிதருடையது என்பதற்கு உறுதி இல்லை.

2020இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட பல்ஸ் என்ற முறை இதை எல்லோருக்கும் புரியவைத்தது. மங்கலாக்கிய பராக் ஒபாமாவின் படத்தை ஒருவர் அதில் இட்டபோது, வெள்ளை இனத்தவர் ஒருவரின் கூர்மையான முகம் வெளிவந்தது. அந்தச் சில புள்ளிகளோடு பொருந்தும் முகங்கள் பல. அவற்றுள் ஒன்றைக் கருவி தேர்ந்தெடுத்தது. அழகுக்காக ஒரு காட்சியைப் பெருக்க இம்முறை உதவலாம். அடையாளத்துக்கும் வரலாற்றுச் சான்றுக்கும் அதை நம்பக் கூடாது. மரச்செதுக்கரின் கை வழியே வந்த படத்துக்கும் இதற்கும் ஓர் ஒற்றுமை உண்டு: இரண்டிலும் நாம் காண்பதில் ஒரு பகுதி பிறருடைய ஊகம்.

டால்பட்டின் வலைத்துணி முதல் இன்றைய கைப்பேசி வரை நடந்தது ஒரே செயல்: தொடர்ந்த காட்சியைப் புள்ளிகளாகப் பிரித்தல். ஒவ்வொரு கட்டத்திலும் தாள், கண், கருவி ஆகிய மூன்றும் சேர்ந்தே எத்தனை புள்ளி போதும் என்று முடிவு செய்தன. அச்சடிக்கும்போது அந்த எண்ணைத் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். படமெடுக்கும்போதும் ஸ்கேன் செய்யும்போதும் விட்டுப்போன புள்ளிகளைப் பின்னர் எந்த எண்ணாலும் சேர்க்க முடியாது.